மூணு மில்லிமீட்டர் குளவியும் முன்னூறு வருஷ மரமும்

நாட்டு மருந்துக் கடையில் மாசிக்காய் பார்த்திருப்பீங்க. குழந்தைக்கு உரை மருந்து உரசிக் கொடுக்கும் வீடுகளில் ஜாதிக்காய், வசம்பு, கடுக்காயோடு இதுவும் ஒரு டப்பாவில் கிடக்கும். பேரில்தான் காய். உண்மையில் அது எந்த மரத்திலும் பூத்துக் காய்த்தது கிடையாது. துருக்கி, ஈரான் பக்கம் வளரும் ஒரு வகை ஓக் மரத்தில் ஒரு பொடிக் குளவி முட்டை வைக்கும். உள்ளே இருக்கும் புழுவுக்கு வீடும் சாப்பாடும் மரமே கட்டிக் கொடுக்கும். அந்த வீக்கம்தான் மாசிக்காய். உற்றுப் பார்த்தால் சில காய்களில் ஒரு சின்ன ஓட்டை இருக்கும். குடியிருந்தவர் காலி பண்ணிட்டுப் போன வாசல் அது :)

நமக்கு மருந்து தரும் இந்தக் குளவிக் குடும்பத்தில் ஒரு வில்லியும் உண்டு. (வில்லன் இல்லை, வில்லிதான். காரணம் கீழே வருது.) ஓக் மரத்தை விட்டுவிட்டு செஸ்ட்நட் மரத்தை மட்டும் பிடித்துக்கொண்ட குளவி அது. ஜப்பான், கொரியா, அமெரிக்கா, இத்தாலி என்று எண்பது வருஷத்துக்கு மேலாக நாடு நாடாகப் போய் வேலையைக் காட்டியிருக்கு. ஆனால் போன இடத்தில் எல்லா மரமும் ஒரே மாதிரி விழவில்லை. ஒரு ரகம் அப்படியே முடங்கிப் போகுது. பக்கத்திலேயே நிற்கும் இன்னொரு ரகம், எதுவுமே நடக்காத மாதிரி காய்த்துத் தள்ளுது. ஏன் இந்த வித்தியாசம், அதை நம்பி மனுஷங்க என்ன செய்தாங்க, அந்த நம்பிக்கை எங்கே உடைந்தது, இதுதான் விஷயம்.

செஸ்ட்நட் தெரியாதவர்களுக்காக: முள்ளு முள்ளாக ஒரு உறை, அதுக்குள்ளே பளபளன்னு பழுப்பு நிறக் கொட்டைகள். முந்திரி, பாதாம் மாதிரி எண்ணெய்ப் பசை கிடையாது, மாவுச்சத்துதான் அதிகம். சுட்டுச் சாப்பிட்டால் கிட்டத்தட்ட சர்க்கரைவள்ளிக் கிழங்கு மாதிரி இருக்கும். முக்கியமான வகைகள் நாலு. சீன வகை, ஜப்பான் வகை, ஐரோப்பிய வகை, அமெரிக்க வகை. இந்த நாலும் நம்ம கதையில் வரும்.

ஆண்களே இல்லாத ஊர்

குளவியின் அறிவியல் பெயர் டிரையோகாஸ்மஸ் குரிஃபிலஸ். வாயில் நுழையாதுதான், ஆனால் பாதிப் பெயரை சுலபமாகப் பிரிக்கலாம். ஜப்பானிய மொழியில் செஸ்ட்நட்டுக்குப் பேர் 'குரி'. 'ஃபிலஸ்' என்றால் கிரேக்கத்தில் விரும்புகிறவர். ஆக, குரிக்காதலி. ஜப்பானியப் பூச்சியியல் அறிஞர் யாசுமட்சு 1951-ல் வைத்த பெயர். காதல் எப்படிப்பட்டதுன்னு பார்ப்போம்.

குளவியின் நீளம் மூணு மில்லிமீட்டருக்குள். கறுப்பு உடம்பு. கொட்டாது, மனுஷனை ஒண்ணும் செய்யாது. வளர்ந்த குளவியாக வாழ்வது சில நாட்கள்தான். ஆனால் அந்தச் சில நாட்களில் நூறு முட்டைக்கு மேல் வைத்துவிடும். இதில் ஆணே கிடையாது. எல்லாமே பெண். அம்மா வைக்கும் முட்டை கருவுறாமலே அடுத்த பெண்ணாக வளரும். எங்க பாஷையில் சொன்னால் காப்பி பேஸ்ட். இதனால் ஒரு விபரீதம் இருக்கு. புது நாட்டில் கால் வைக்க ஜோடி தேவையில்லை. ஒரே ஒரு குளவி போதும்.

கோடையில், ஜூன் ஜூலை வாக்கில், அடுத்த வருஷத்துக்காக மரம் தயார் பண்ணி வைத்திருக்கும் மொட்டுகளுக்குள் முட்டையைச் சொருகும். ஒரு மாசம் ஒண்ணரை மாசத்தில் முட்டை பொரியும். பொரிந்த புழு உடனே எதுவும் செய்யாது. இலையுதிர் காலம், பனிக்காலம் எல்லாம் மொட்டுக்குள்ளேயே சும்மா கிடக்கும். வெளியிலிருந்து பார்த்தால் மொட்டு நல்ல மொட்டுதான். எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் தெரியாது. வசந்தத்தில் மொட்டு விரியும்போதுதான் குட்டு உடையும். இலையும் கிளையுமாக நீள வேண்டிய இடத்தில் பச்சையும் இளஞ்சிவப்புமாக ஒரு முடிச்சு உருளும். அரை சென்டிமீட்டரிலிருந்து இரண்டு சென்டிமீட்டர் வரை. அந்த முடிச்சுக்குள் புழுக்கள் சாப்பிட்டு, கூட்டுப்புழுவாகி, கோடையில் ஓட்டை போட்டு வெளியே வரும். வருஷத்துக்கு ஒரு தலைமுறை.

கிளையே நீளாவிட்டால் பூ எங்கே, காய் எங்கே? மோசமாகத் தாக்கப்பட்ட தோப்புகளில் விளைச்சல் பாதிக்கும் கீழே போகும். 80 சதவீதம் வரை போன இடங்களும் உண்டு. வருஷா வருஷம் இப்படியே போனால் மரம் மெலிந்து, வேறு நோய்கள் உள்ளே வர வழியாகும்.

இரண்டு விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. ஒண்ணு, பனிக்காலத்தில் பூச்சி இருப்பது கண்ணுக்குத் தெரியாது. இரண்டு, செஸ்ட்நட் விவசாயிகள் ஒட்டுக் கட்டுவதற்கான குச்சிகளை வெட்டி ஊர் ஊராகக் கொண்டுபோவது அதே பனிக்காலத்தில்தான். இந்த இரண்டையும் சேர்த்தால் மீதிக் கதையை நீங்களே ஊகிக்கலாம்.

ஜப்பான்: முதல் சுற்று மரத்துக்கு

ஜப்பானில் செஸ்ட்நட் நேற்று வந்த பயிர் இல்லை. அரிசிக்கு முன்னாடியே இருக்கு. வடக்கே அவோமொரியில் சன்னாய் மருயாமா என்று ஒரு தொல்லியல் தளம் இருக்கு. ஜோமோன் காலத்துக் கிராமம், நாலாயிரம் ஐயாயிரம் வருஷப் பழசு. அங்கே ஒரு பெரிய கட்டுமானத்துக்காக நட்டிருந்த ஆறு தூண்களின் அடிப்பாகம் கிடைத்தது. ஒவ்வொண்ணும் சுமார் ஒரு மீட்டர் விட்டம். எல்லாம் செஸ்ட்நட் மரம். சாப்பிட்டதும் அதைத்தான், வீடு கட்டினதும் அதில்தான்.

அப்படிப்பட்ட நாட்டில் 1941-ல் ஒகயாமா மாவட்டத்தில் முதல் முடிச்சுகளைப் பார்த்தாங்க. சீனாவிலிருந்து வந்த செடியோடோ குச்சியோடோ வந்திருக்கணும் என்பதுதான் இன்றைக்கும் இருக்கும் கருத்து. அந்த வருஷத்தைக் கவனியுங்க. சீனாவோடு யுத்தம் நடந்துக்கிட்டிருக்கு, டிசம்பரில் பேர்ல் ஹார்பர் வரப்போகுது. மரத்தில் முடிச்சு விழுந்ததைப் பற்றி யார் கவலைப்படுவாங்க? யுத்தம் முடிந்து நிமிர்ந்து பார்த்தபோது பூச்சி கைமீறிப் போயிருந்தது. 1950களின் முடிவுக்குள் நாட்டின் பெரும்பகுதிக்குப் பரவிவிட்டது.

மருந்தடிக்கலாம் என்றால் புழு மொட்டுக்குள்ளேயும் முடிச்சுக்குள்ளேயும் பத்திரமாக இருக்கு. வெளியே வரும் சில நாட்களில் மட்டும் பிடிக்க முடியும். பத்துப் பதினைந்து மீட்டர் உயர மரத்துக்கு, மலைச்சரிவில், மருந்தடிப்பது நடக்கிற காரியமும் இல்லை.

அப்போதான் ஒரு விஷயம் கண்ணில் பட்டது. எல்லா ரகமும் விழவில்லை. உதாரணம் 'கின்யோசே'. இது ஒசாகா பக்கத்து நோசே என்ற ஊரில் எடோ காலத்திலிருந்தே பேர் பெற்ற பழைய ரகம். பெயருக்கு அர்த்தம் 'வெள்ளியைச் சேர்ப்பது'. பஞ்சக் காலத்தில் இந்தக் கொட்டையை விற்றே வெள்ளிக்காசு சேர்ந்தது என்று ஊரில் கதை சொல்லுவாங்க. பக்கத்து மரங்கள் முடிச்சுப் பிடித்து நிற்க, கின்யோசே ஓரளவு தாக்குப்பிடித்தது.

ஜப்பான்காரங்க இதை நூல் பிடித்த மாதிரிப் பிடித்துக்கொண்டாங்க. அரசாங்கத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிலையத்தில் தாங்கும் ரகங்களை வைத்துக் கலப்பினம் செய்ய ஆரம்பித்தாங்க. மரப்பயிரில் இது எவ்வளவு பொறுமையான வேலைன்னு யோசியுங்க. கலந்து, விதை போட்டு, கன்று வளர்ந்து காய்க்கவே வருஷங்கள் ஆகும். 1959-ல் மூணு ரகங்கள் வெளியே வந்தன: தான்சவா, இபுகி, த்சுகுபா. இதில் இபுகிக்குப் பெற்றோரில் ஒண்ணு நம்ம கின்யோசே. 1968-ல் இஷிசுச்சி என்று இன்னொண்ணு. தாங்காத பழைய ரகங்களை வெட்டிவிட்டு இவற்றை நட்டாங்க. எத்தனையோ ஊர் ரகங்கள் அந்தச் சமயத்தில் தோப்புகளிலிருந்து காணாமல் போச்சு. அதைப் பற்றி அப்போது பெரிதாக யாரும் வருத்தப்பட்ட மாதிரித் தெரியலை. பூச்சியை ஜெயித்தாச்சு இல்லையா?

இரண்டாம் சுற்று குளவிக்கு

ஜெயிக்கலை. சில வருஷங்களிலேயே, தாங்கும் என்று சொன்ன மரங்களிலும் முடிச்சுகள் தெரிய ஆரம்பித்தன. இந்த ரகங்களை ஆராய்ந்த ஷிமுரா 1970களின் தொடக்கத்தில் எழுதியதன் சாரம் இதுதான்: குளவி எல்லாம் ஒரே குளவி இல்லை. ஒரு பகுதிக் குளவி தொட முடியாத ரகத்தை இன்னொரு பகுதிக் குளவி தொடுது. மரத்தில் ரகம் இருக்கிற மாதிரியே பூச்சியிலும் ரகம் இருக்கு.

இங்கேதான் எனக்கு சுவாரசியமே. ஆண் இல்லாத, காப்பி பேஸ்ட் பண்ணிப் பெருகும் பூச்சியில் புது ரகம் எப்படி வரும்? இரண்டு வழி இருக்கு. சீனாவிலிருந்து ஒரு தடவைக்கு மேல், வேறு வேறு குளவிகள் வந்திருக்கலாம். இல்லை, காப்பி எடுப்பதிலும் எப்போதாவது எழுத்துப்பிழை விழும். பத்துக் குளவி இருந்தால் அந்தப் பிழை ஒண்ணும் ஆகாது. கோடிக்கணக்கில் இருந்தால், வருஷா வருஷம் அத்தனை கோடியும் ஒரே பூட்டைத் திறக்கப் பார்த்தால், ஒரு நாள் ஒரு சாவி பொருந்தும். பொருந்தின குளவிக்கு ஜோடி தேட வேண்டாம். அந்தச் சாவியை அப்படியே நூறு மகள்களுக்குக் கொடுத்துவிடும். அந்த மகள்கள் கண் முன்னால் மலை முழுக்க அதே பூட்டு போட்ட மரங்கள். ஏன்னா ஒட்டுக் கட்டின மரமும் காப்பி பேஸ்ட்தானே! ஒரு ரகத்தின் எல்லா மரமும் மரபணுவில் ஒரே மரம்.

ஊர் முழுக்க எல்லா சர்வரிலும் ஒரே ஆபரேட்டிங் சிஸ்டம், ஒரே வெர்ஷன் போட்டு வைத்த மாதிரி. நல்லா ஓடும், பராமரிக்கறதும் சுலபம், ஓட்டை கண்டுபிடிக்கப்படும் வரைக்கும்.

இது செஸ்ட்நட்டுக்கு மட்டும் நடந்தது இல்லை. திராட்சையில் ஃபில்லாக்ஸெரா என்ற வேர்ப்பூச்சியின் கதை பலருக்குத் தெரிந்திருக்கும். 19-ம் நூற்றாண்டின் பின்பாதியில் பிரான்ஸ் திராட்சைத் தோட்டங்களை ஒழித்துக்கட்டின பூச்சி. அமெரிக்கக் காட்டுத் திராட்சை வேரில் ஐரோப்பியக் கொடியை ஒட்டுக் கட்டித்தான் தப்பிச்சாங்க. ஆனால் கலிஃபோர்னியாவில் ஏஎக்ஸ்ஆர்1 என்ற ஒரு வேர் ரகத்தையே பெரும்பாலும் நட்டாங்க. அதன் பெற்றோரில் ஒண்ணு, பூச்சியைத் தாங்காத ஐரோப்பியத் திராட்சை. வேறு நாடுகளில் அது ஏற்கனவே கவிழ்ந்திருந்தது. இருந்தாலும் விளைச்சல் நல்லா இருக்கேன்னு நட்டாங்க. 1980களில் நாபா பள்ளத்தாக்கில் பூச்சி அந்த வேரை உடைத்தது. மறுபடி எல்லாத்தையும் பிடுங்கி நட வேண்டியதாச்சு. முழுசாகத் தாங்கும் வேர்கள் மட்டும் நூறு வருஷம் தாண்டி இன்றைக்கும் நிற்குது. ஆக, 'தாங்கும் ரகம்' என்று ஒரே வார்த்தையில் சொல்கிறோமே, அதுக்குள்ளே ஏகப்பட்ட படிகள் இருக்கு.

சீனாவில் ஏன் இது பிரச்சினையே இல்லை?

ஜப்பான் விஞ்ஞானிகளுக்கு வந்த நியாயமான கேள்வி இது. சீனா இந்தக் குளவியின் சொந்த ஊர். அங்கே நூற்றுக்கணக்கான செஸ்ட்நட் ரகங்கள் இருக்கு. அவற்றிலும் பலது குளவிக்கு விழும். ஆனாலும் எப்போதாவது கூடுமே தவிர, ஜப்பானில் நடந்த மாதிரி ஒட்டுமொத்த நாசம் இல்லை. அப்போ காரணம் மரத்தில் மட்டும் இல்லை.

ஜப்பானும் சீனாவும் 1972-ல்தான் தூதரக உறவைச் சரிசெய்துகொண்டன. 1975-ல் சீன முடிச்சுகள் ஜப்பானுக்கு வந்து சேர்ந்தன. அவற்றை வைத்து வளர்த்துப் பார்த்தபோது, வில்லியோடு இன்னொரு குளவியும் வெளியே வந்தது. டோரிமஸ் சைனன்சிஸ். பச்சை உலோகப் பளபளப்பு, பின்னால் நீண்ட முட்டையிடும் ஊசி. வசந்தத்தில் புது முடிச்சு உருளும் நேரத்துக்குச் சரியாக இது வெளியே வரும். ஊசியை முடிச்சுக்குள் விட்டு, உள்ளே இருக்கும் புழுவின் மேல் முட்டையிடும். இதன் குஞ்சு அந்தப் புழுவைத் தின்று வளர்ந்து, காய்ந்துபோன முடிச்சுக்குள்ளேயே அடுத்த வசந்தம் வரை தூங்கும். குளவிக்குக் குளவி எமன்.

1982-ல் த்சுகுபாவில் இருக்கும் பழமர ஆராய்ச்சி நிலையத்தில், ஜோடி சேர்ந்த 260 பெண் டோரிமஸ்களைத் திறந்துவிட்டாங்க. வெறும் 260. அதே சமயத்தில் தெற்கே குமமோட்டோவிலும் விட்டாங்க. த்சுகுபாவில் பத்து வருஷத்துக்குள் முடிச்சுகள் தேட வேண்டிய அளவுக்குக் குறைந்துபோச்சு. குமமோட்டோவில் அவ்வளவு சீக்கிரம் நடக்கலை, இன்னும் பல வருஷம் இழுத்தது. அங்கே டோரிமஸையே தாக்கும் உள்ளூர்ப் பூச்சிகள் அதிகம் என்பது ஒரு விளக்கம். எமனுக்கும் எமன் உண்டு போல.

இந்த இடத்தில் ஒரு கணக்கு முக்கியம். தளிர்களில் நூற்றுக்கு முப்பது வரை முடிச்சு விழுந்தாலும் மரம் சமாளித்துவிடும், அதுக்கு மேலே போனால்தான் விளைச்சலில் அடி என்று ஜப்பானில் ஒரு எல்லை சொல்லுவாங்க. அதாவது பூச்சியை ஒழிக்க வேண்டியதில்லை. எல்லைக்குக் கீழே வைத்தால் போதும். ஓரளவு தாங்கும் ரகமும் ஓரளவு டோரிமஸும் சேர்ந்தாலே எல்லைக்குக் கீழே வந்துவிடும். த்சுகுபா ரகமும் கின்யோசேயும் ஜப்பானில் இன்றைக்கும் முன்னணி ரகங்களாக நிற்பது இப்படித்தான். அப்புறம் ஆராய்ச்சியாளர்களுக்கு வேறு விஷயங்களைக் கவனிக்க நேரம் கிடைத்தது. 2007-ல் வந்த போரோதான் என்ற ரகத்தின் பெருமை, உள்தோல் சுலபமாக உரியும் என்பது. பூச்சிக் கவலை தீர்ந்த வீட்டில்தான் தோல் உரிக்கும் கவலை வரும் :)

அமெரிக்கா: ஒரு குச்சிக்கட்டு

1974-ல் அமெரிக்காவில் ஜார்ஜியா மாநிலத்தில் பீச் கவுண்டியில் குளவியைக் கண்டுபிடிச்சாங்க. ஒரு விவசாயி செடித் தடைக்காப்பு விதிகளைத் தாண்டி, சோதனைக்குக் காட்டாமல் ஒட்டுக்குச்சிகளை வெளிநாட்டிலிருந்து வரவழைத்ததுதான் காரணம் என்பது பதிவான விஷயம். நல்ல ரகம் வேணும் என்ற ஆசைதான் அவருக்கு. குச்சியில் மொட்டு, மொட்டில் புழு.

அமெரிக்காவில் இது இன்னும் வேதனை. அவங்களுடைய சொந்த செஸ்ட்நட் மரம், 1904-ல் நியூயார்க் பிராங்க்ஸ் விலங்குக் காட்சிசாலையில் முதலில் தென்பட்ட ஒரு பூஞ்சை நோயால் அரை நூற்றாண்டுக்குள் காடுகளிலிருந்து கிட்டத்தட்ட ஒழிந்திருந்தது. அழிந்த மரங்கள் 400 கோடி வரை இருக்கும் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அடியிலிருந்து துளிர்த்து வரும் சின்னச் சின்னத் தண்டுகள்தான் மிச்சம். அந்தத் துளிரின் மொட்டுக்கும் இப்போது குளவி வந்தது.

இங்கேயும் ரக வித்தியாசம் கண்ணில் பட்டது. அமெரிக்க செஸ்ட்நட் குளவிக்கு விழும். ஆனால் அதே குடும்பத்தில் குட்டையாக, புதர் மாதிரி வளரும் சின்கபின் என்ற சொந்தக்காரர் பெரும்பாலும் தப்பித்துவிடுகிறார். குளவியை ஜென்மத்தில் பார்த்திராத மரத்துக்கு அந்த சக்தி எங்கிருந்து வந்தது? பரிணாமத்தில் இப்படி நடக்கும். வேறு எதுக்கோ உருவான பூட்டு, தெரியாத திருடனையும் தடுத்துவிடும். கனெக்டிகட் விவசாய ஆராய்ச்சி நிலையத்தில் சாண்ட்ரா அனக்னோஸ்டாகிஸ் போன்றவர்கள், பூஞ்சையையும் தாங்கணும், குளவியையும் தாங்கணும் என்று இரண்டையும் சேர்த்துத் தேட வேண்டியதாச்சு. பூஞ்சையைத் தாங்கும் மரம் குளவியையும் தாங்கும் என்று எந்த உத்தரவாதமும் கிடையாது. இரண்டும் தனித்தனிப் பூட்டு.

இத்தாலி: நாற்பது வருஷத்துக்கு முன்னாடியே தயாராக இருந்த மரம்

2002-ல் குளவி ஐரோப்பாவில் முதன்முதலாகப் பதிவாச்சு. இடம் வடமேற்கு இத்தாலி, பியட்மான்ட் பகுதியில் கூனியோ மாவட்டம். ஐரோப்பாவிலேயே செஸ்ட்நட்டுக்குப் பேர் போன மண். அங்கே மலைக்கிராமங்களில் செஸ்ட்நட்டுக்குப் பேரே 'ரொட்டி மரம்'. கோதுமை விளையாத சரிவுகளில் கொட்டையைக் காயவைத்து மாவாக்கி, அந்த மாவில்தான் பல தலைமுறை பிழைத்தது. நூறு வருஷம், முன்னூறு வருஷம் வயசான ஒட்டு மரங்கள் இன்னும் காய்க்குது. தாத்தா கட்டின ஒட்டில் பேரன் பொறுக்குவான்.

அந்த மரங்கள் முடிச்சாகப் போச்சு. நாற்றுப்பண்ணைகளிலிருந்து போன கன்றுகளோடு குளவியும் போனது. 2005-ல் பிரான்ஸ், ஸ்லோவேனியா. 2009-ல் சுவிட்சர்லாந்து. 2012-ல் ஸ்பெயின். 2014-ல் போர்ச்சுகல். 2015-ல் இங்கிலாந்து. 2006-லேயே ஐரோப்பிய ஒன்றியம் கன்றுகளைக் கொண்டுபோக அவசரக் கட்டுப்பாடு போட்டது. பிரயோஜனம் இல்லை. மொட்டைத் திறந்து பார்க்காமல் எப்படிப் பிடிப்பது? ஐரோப்பாவுக்கு வந்த குளவிகளின் தாய்வழி மரபணுவைப் பார்த்த ஆய்வுகளில் திரும்பத் திரும்ப ஒரே வகைதான் கிடைத்தது. ஏதோ ஒரு சில அம்மாக்களின் பிள்ளைகள்தான் ஒரு கண்டத்தையே பிடித்திருக்காங்க.

தூரின் பல்கலைக்கழகம் இரண்டு பக்கமாக வேலையை ஆரம்பித்தது. ஒரு குழு ஜப்பானிலிருந்து முடிச்சுகளை வரவழைத்து டோரிமஸை வளர்த்து, 2005-ல் கூனியோவில் ரோபிலான்தே, போவெஸ், பெவெராஞ்ஞோ என்ற மூணு இடங்களில் விட்டது. இன்னொரு குழு பல ரகங்களை எடுத்து, எது விழுது எது நிற்குதுன்னு சோதித்தது.

ஐரோப்பிய வகையில் பெரும்பாலும் எல்லாமே விழுந்தன. அளவில்தான் வித்தியாசம். மதோன்னா என்ற உள்ளூர் ரகம் ரொம்ப மோசம். சிலதில் முடிச்சு இலையில் மட்டும் விழும், கிளை நீளும், அதனால் காய் தப்பும். இது தாங்குவது. பூச்சியைத் தடுப்பது வேறு. முழுசாகத் தடுத்த ரகங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அதில் பிரபலம் 'பூஷ் த பெத்திசாக்'.

இந்த ரகத்தின் ஜாதகம் கொஞ்சம் விசேஷம். 1962-ல் பிரான்ஸ் அரசின் விவசாய ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கியது. ஐரோப்பிய 'பூஷ் ரூஜ்' ரகத்துக்கும் ஒரு ஜப்பானிய மரத்துக்கும் பிறந்த பிள்ளை. குளவி ஐரோப்பாவில் பதிவாவதற்கு நாற்பது வருஷம் முன்னாடி! உருவாக்கினவர்கள் குளவியை மனசில் வைத்து உருவாக்கலை. பெரிய கொட்டை, நல்ல விளைச்சல், அவ்வளவுதான். ஆனால் குளவி வந்தபோது இந்த மரத்தில் முடிச்சே விழலை.

எப்படி? குளவி இதை ஒதுக்கலை. மற்ற மரங்களில் வைப்பது மாதிரியே இதன் மொட்டிலும் முட்டை வைக்குது. முட்டையும் பொரியுது. புழுவும் பனிக்காலம் முழுக்க உள்ளே இருக்கு. வசந்தத்தில் மொட்டு விரியத் தொடங்கும்போது, புழுவைச் சுற்றியிருக்கும் செல்களில் ஹைட்ரஜன் பெராக்ஸைடு சேருது, அந்தச் செல்கள் தாங்களாகவே செத்துப்போகுது. வீடு கட்டித் தர வேண்டிய செல்கள் இல்லாததால் புழு உள்ளேயே சாகுது. எதிரி வரும் வழியில் பயிரைத் தானே கொளுத்திவிட்டுப் பின்வாங்கும் ராஜா மாதிரி. இந்த விளக்கம் 2012-ல் வெளிவந்தது. பிறகு பூஷ் த பெத்திசாக்கையும் மதோன்னாவையும் கலந்து, பிள்ளைகளில் யாருக்கு இந்த சக்தி போயிருக்குன்னு பார்த்து, 2020-ல் அது குரோமோசோமில் எங்கே இருக்குன்னும் வரைபடம் போட்டுட்டாங்க. ஆர்டிகே1 என்று பேர். முக்கியமாக ஒரே ஒரு இடம்.

அப்போ எதை நடுவது?

இந்த 'ஒரே ஒரு இடம்' என்பதைப் படித்ததும் எனக்கு ஜப்பான்தான் ஞாபகம் வந்தது. ஒரு பூட்டு. மலை முழுக்க அதே பூட்டு. கோடிக்கணக்கில் குளவி. இந்தப் படம் ஏற்கனவே ஓடின படம்.

கூனியோவில் அப்படி எல்லாரும் வெட்டிவிட்டு ஒரே கலப்பினத்தை நட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும்? முதலில், உடனடி இழப்பு. கூனியோ செஸ்ட்நட்டுக்கு 2007-ல் ஐரோப்பியப் புவிசார் பாதுகாப்பு கிடைத்தது. அந்தப் பெயர் அங்கத்திய பழைய ஐரோப்பிய ரகங்களுக்குத்தான். மாவுக்கு ஒரு ரகம், சர்க்கரைப் பாகில் ஊற வைக்க ஒரு ரகம், சுட்டுத் தின்ன ஒரு ரகம் என்று ஊருக்கு ஊர் வைத்திருக்காங்க. கலப்பினங்களுக்குக் கீழ்ச்சரிவு, நல்ல மண், தண்ணீர் எல்லாம் வேணும். மேலே, மண் குறைவான உயரத்தில், பாட்டன் மரம்தான் நிற்கும். இரண்டாவது, பின்னால் வரக்கூடிய இழப்பு. பூட்டு உடைந்தால் திரும்பிப்போகப் பழைய ரகம் இருக்காது. ஜப்பானில் வெட்டின ஊர் ரகங்கள் திரும்ப வந்துச்சா?

நல்லவேளையாக டோரிமஸ் முந்திக்கொண்டது. விட்ட சில வருஷங்களில் பியட்மான்டில் பல இடங்களில் முடிச்சுகள் வெகுவாகக் குறைந்தன. 2012-லிருந்து இத்தாலி முழுக்கப் பெரிய அளவில் விட்டாங்க. பழைய மரங்கள் மறுபடி இலைவிட்டு, காய்த்தன. இதில் விவசாயிகளுக்குச் சொல்லப்பட்ட ஒரு அறிவுரை எனக்கு ரொம்பப் பிடிக்கும்: கவாத்து பண்ணின கிளைகளில் இருக்கும் காய்ந்த முடிச்சுகளை எரிக்காதீங்க, அங்கேயே விடுங்க. பார்த்தால் நோய்க்குப்பை. ஆனால் அதுக்குள்ளேதான் அடுத்த வருஷத்துக்கான காவல்காரர் தூங்குகிறார். சுத்தம் பண்றோம் என்று கொளுத்தினால் நம்ம படையை நாமே கொளுத்துகிறோம்.

டோரிமஸும் இலவசம் கிடையாது. வேறு எந்தப் பூச்சியையும் தொடாது என்று நம்பித்தான் விட்டாங்க. பின்னாடி இத்தாலியில் ஓக் மரத்து முடிச்சுகளிலிருந்தும் கொஞ்சம் டோரிமஸ் வெளிவந்தது பதிவாச்சு. ஜப்பானில் உள்ளூர் டோரிமஸ் இனம் ஒண்ணு புதுசிடம் இடத்தை இழந்தது. வெளியூர்க் குளவியைப் பிடிக்க இன்னொரு வெளியூர்க் குளவியை அழைத்தால் அந்தக் கணக்கையும் நாமதான் எழுதணும்.

என் கணக்கு இதுதான். தாங்கும் ரகம் என்பது நேரம் வாங்கித் தரும் சாதனம். சின்ன வயசுக் கன்றுகளுக்கு, புதுசாக நடும் தோப்புகளுக்கு, டோரிமஸ் வந்து காலூன்றும் வரை தாக்குப்பிடிக்க, பூஷ் த பெத்திசாக் அருமையான மரம். அதை நம்பி மற்றதை வெட்டினால்தான் ஆபத்து. டோரிமஸ் மறுபக்கத்திலிருந்து உதவுது. குளவியின் எண்ணிக்கையைக் குறைக்குது. எண்ணிக்கை குறைந்தால் சரியான சாவி விழும் வாய்ப்பும் குறையும், பூட்டின் ஆயுசு கூடும். ஒண்ணு இன்னொண்ணுக்குக் காவல்.

கூனியோவிலேயே கியூசா பேசியோ என்ற ஊரில் ஒரு செஸ்ட்நட் தோட்டம் இருக்கு. இத்தாலி, பிரான்ஸ், ஜப்பான் என்று பல இடத்து ரகங்களையும் வரிசையாக நட்டு வைத்திருக்காங்க. விளைச்சல் கணக்கில் பார்த்தால் அதில் பாதி உதவாத மரம். ரகங்களை ஒப்பிட்டுப் பார்த்தவர்களுக்கு இப்படிப்பட்ட தோட்டங்கள்தான் கைகொடுத்தன. 1962-ல் யாரோ வேறு காரணத்துக்காக உருவாக்கின ஒரு மரம் 2002-ல் பதிலாக நின்றது. அடுத்த பூச்சி எந்த வருஷம், எந்தக் குச்சியில் வருமோ தெரியாது. அதுக்கான பதில் இப்போது எந்த உதவாத மரத்தில் இருக்குன்னும் யாருக்கும் தெரியாது. அதனால்தான் எதையும் வெட்டாமல் வைத்திருக்காங்க.